முன்னோரின் மீட்பு: தொடக்கக் கிறித்தவத்தின் அனைவர் மீட்புக் கோட்பாடும் குமரிக் கடற்கரையும்

முன்னுரை

திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரு மாத காலத்தில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகப் புனித பிரான்சிஸ் சவேரியார் 1545 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். இன்றைய குமரி மாவட்டக் கடலோர ஊர்கள் பலவும் அப்பணிக்களத்தில் அடங்கும். ஊர் முழுவதும் சில நாள்களில் சமயம் மாறும்போது, அதற்குமுன் இறந்த பெற்றோரின் நிலை யாது என்னும் வினா எழுவது இயல்பு.

சவேரியாரின் விடை

பின்னர் ஜப்பானில் இவ்வினா நேரடியாகவே அவர்முன் வைக்கப்பட்டது. நரகத்தில் வீழ்ந்தோருக்கு மீட்சி இல்லை என அவர் விடையளித்தார். முன்னோரை எண்ணி மக்கள் அழுததையும், அத்துயரம் தம்மையும் வருத்தியதையும் 1552ஆம் ஆண்டு மடலில் அவரே பதிவுசெய்துள்ளார்.

தொடக்கக் கால விடை

திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் இதுவொன்றே விடையாக இருந்ததன்று. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன், படைப்புயிர்கள் யாவும் இறுதியில் இறைவனிடம் மீளும் எனக் கருதினார். இம்மீள்நிலை கிரேக்கத்தில் ‘அப்போகட்டாஸ்டாசிஸ்’ எனப்படும். இச்சொல் திருத்தூதர் பணிகள் 3:21இல் இடம்பெறுகிறது. இறைத்தண்டனை பழிவாங்கலன்று, மருத்துவம் என்பது அவர் கொள்கை. 4ஆம் நூற்றாண்டில் நிசா நகர் கிரகோரியார், பொன்னிலிருந்து மாசைப் பிரிக்கும் நெருப்பை இதற்கு உவமையாக்கினார். இவர்கள் தண்டனையை மறுக்கவில்லை. அதன் முடிவின்மையையே மறுத்தனர்.

மறுப்பு

அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ நூலின் 21ஆம் பகுதியில் இக்கருத்தை மறுத்தார். 553இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் பொதுச்சங்கம் ஓரிகனைக் கண்டித்தது. ஆன்மாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன என்னும் கருத்தோடு பிணைந்த வடிவமே அக்காலத்தில் கண்டிக்கப்பட்டது என்பர் ஆய்வாளர் சிலர். கிரகோரியார் கண்டனத்திற்கு உள்ளாகவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. எனினும் மேலைத் திருச்சபையில் அகுஸ்தினாரின் நிலைப்பாடே வேரூன்றியது. சவேரியார் கீழைநாடுகளுக்குக் கொணர்ந்ததும் அதுவே.

முடிவுரை

தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதோர், மனச்சான்றின் வழி இறைவனைத் தேடி வாழ்ந்தால் மீட்படையக்கூடும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. இது அனைவர் மீட்புக் கோட்பாடு அன்று; ‘அடைவர்’ என்பதற்கும் ‘அடையக்கூடும்’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது ஆய்வுப் பிழையாகும். ஆயினும், சவேரியாரின் வருகைக்குமுன் மறைந்த குமரிக் கடலோர மக்களைக் குறித்து அவர் மூடிய கதவு, இவ்விரு விடைகளிலும் திறந்தே இருக்கிறது.