பிறந்த சிசுவின் மூச்சும் வன்னியின் தூரமும்

மண்ணிற் பிறந்த சிசு முதன்முதலாகச் செய்யுந் தொழில் அழுதலாகும். அவ்வழுகையினால், கருப்பையில் நீர் நிறைந்திருந்த நுரையீரல் காற்று நிறைந்ததாக மாறுகின்றது. நூறு சிசுக்களுள் ஏறத்தாழப் பத்துக்கு இம்மாற்றத்திற்குப் பிறர் துணை வேண்டும். அவற்றுட் பலவற்றுக்கு ஈரந் துடைத்து முதுகைத் தேய்த்தலே போதும். அதனாலும் மூச்சு வாராவிடின், பையும் முகமூடியுங் கொண்டு முதல் ஒரு நிமிடத்துட் காற்றூட்டத் தொடங்கல் வேண்டும்.

அந்த ஒரு நிமிடத்தை வன்னியின் தூரத்தோடு ஒப்பிட்டு நோக்குக. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 50 கிலோமீற்றருக்கு மேல். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை 60 கிலோமீற்றருக்கு மேல். போர்க்காலத்திற் பல ஆண்டுகள் ஏ9 வீதியே அடைபட்டுக் கிடந்தது. 2018 இல் ‘1990’ அவசர அம்புலன்ஸ் சேவை வடக்கிற்கும் வந்தமை பெரும்பேறே. எனினும், எவ்வண்டியும் ஒரு நிமிடத்தில் வந்தடையாது. ஆதலின் முதற் சிகிச்சை பிறந்த இடத்திலேயே நிகழவேண்டும்.

நிமிடத்துக்கு அறுபதின் மேற்பட்ட மூச்சு, நெஞ்சு உட்குழிதல், மூக்குத்துவாரம் விரிதல், முனகல், நாவும் உதடும் நீலம்பாரித்தல் என்பன ஆபத்தின் குறிகள். இவற்றைக் கண்டவுடன் சிசுவை வண்டியிலேற்றி விரைதல் மட்டும் போதாது. குளிர்ந்த உடல் மிகுதியான பிராணவாயுவை வேண்டும். குளிர்ச்சியால் இரத்தத்திற் சர்க்கரையும் குறையும். எனவே மூச்சுவழியைச் சீராக்கி, வேண்டிய பிராணவாயு கொடுத்து, உடலை வெப்பமாக வைத்து, செல்லுமிடத்து வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவித்த பின்னரே புறப்படுதல் முறை.

குறைமாதச் சிசுக்களின் நிலை வேறு. நுரையீரலின் சிற்றறைகளைச் சுருங்கவிடாது காக்கும் பொருள் அவற்றிற் போதியவளவு சுரப்பதில்லை. இவ்வுண்மையை 1959 இல் மேரி எலன் ஏவரியும் ஜெரே மீட்டும் வெளிப்படுத்தினர். 1963 இல், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அமெரிக்க சனாதிபதி கென்னடியின் மகன் இந்நோயினால் ஏறக்குறைய 39 மணி நேரத்தில் இறந்தான். செல்வமும் அதிகாரமும் அன்று அவனைக் காக்கவில்லை. 1972 இல், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஏற்றும் ஸ்டீரொயிட் மருந்து சிசுவின் நுரையீரலை முதிர்விக்கும் என்பதை லிகின்ஸ், ஹோவி என்னும் நியூசிலாந்து வைத்தியர் இருவர் நிறுவினர்.

ஆகவே குறைமாதப் பிரசவம் நேருமென மருத்துவமாது ஐயுற்றவுடனே தாயை வசதியுள்ள வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும். பிரயாணத்திற் சிசுவைக் காக்கத் தாயின் கருப்பையை ஒத்த கருவி வேறில்லை. வன்னியின் நெடுவழியைச் சிசு பிறந்தபின் கடப்பதிலும், பிறக்குமுன் கடப்பதே நன்று.