மூளைச்சாவும் யூத சமயச் சட்டமும்

மூளைத்தண்டு உட்பட மூளையின் செயற்பாடு மீள முடியாதவாறு நின்றுவிட்ட நிலை மூளைச்சாவு எனப்படும். இந்நிலையை அடைந்தவர் இறந்தவரா என்பது யூத சமயச் சட்டமான அலாக்காவில் இன்றும் தீராத கேள்வியாகும். இக்கேள்விக்கு நடைமுறைத் தீர்வாக, இசுரேல் நாடாளுமன்றம் 2008 ஆம் ஆண்டில் மூளை-சுவாச இறப்புச் சட்டத்தை இயற்றியது.

மருத்துவப் பின்னணி

இதயம் தன் துடிப்பைத் தானே தூண்டிக்கொள்ளும் இயல்புடையது. மூச்சு அவ்வாறன்று, முகுளத்தின் தூண்டல் இன்றி உதரவிதானம் அசையாது. எனவே முற்காலத்தில் மூளை செயலிழந்தால் மூச்சு நிற்கும், சில நிமிடங்களில் இதயமும் நிற்கும். இவற்றைப் பிரித்துப் பார்க்கும் தேவையே எழவில்லை. செயற்கைச் சுவாசக் கருவி பரவிய பின்னரே, மூளை அழிந்தும் இதயம் துடிக்கும் உடல்களை மருத்துவர்கள் கண்டனர். 1968 இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியின் குழு ஒன்று இதற்கான அளவுகோல்களை வெளியிட்டது.

சமயப் பின்னணி

பாபிலோனியத் தல்மூத்தின் யோமா நூல், ஓய்வு நாளில் இடிபாடுகளுக்குள் சிக்கியவரைப் பற்றிப் பேசுகிறது. உயிரைக் காக்க ஓய்வு நாள் விதியை மீறலாம். ஆனால் அவர் உயிருடன் உள்ளாரா என அறிய எதுவரை தோண்டிப் பார்ப்பது? மூக்கு வரை என்பது ஒரு கருத்து. இதயம் வரை என்பது மற்றொன்று. பிற்காலச் சட்ட அறிஞர்கள் மூச்சையே முதன்மையாகக் கொண்டனர்.

இதன் அடிப்படையில், மூளைத்தண்டு அழிந்து மூச்சு நிலையாக நின்றால் அது இறப்பே என 1986 இல் இசுரேலின் தலைமை ரபிமன்றம் முடிவு செய்து, இதய மாற்று அறுவைக்கு இசைவளித்தது. ரபி ஒவாதியா யோசேப்பும் மூளை-சுவாச இறப்பை ஏற்றார். ரபிகள் சலோமோ சல்மான் அவர்பாக், யோசேப்பு சாலோம் எலியாசிவ் ஆகியோர் இதனை ஏற்கவில்லை. இதயம் துடிக்கும் ஒருவரை இறந்தவராகக் கொள்ள இயலாது என்பது அவர்கள் நிலைப்பாடு. அலாக்காவின்படி ஒருவரின் இறப்பை நொடிப்பொழுது விரைவுபடுத்துவதும் கொலையே. ஆகவே ஒரே அறுவை, ஒரு தரப்புக்கு உயிர்காக்கும் கடமை. மறு தரப்புக்குக் கொலை.

சட்டம்

சட்டத்தின் பெயரிலேயே 'சுவாசம்' இடம்பெற்றது தற்செயலன்று. மூச்சின்மைச் சோதனையில் நோயாளிக்கு ஆக்சிசன் அளித்துவிட்டுக் கருவியின் இயக்கம் நிறுத்தப்படுகிறது. குருதியில் கார்பனீராக்சைடின் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரசத்தை எட்டியும் மார்பு அசையாவிடில், மூச்சைத் தூண்டும் மூளைப்பகுதி செயலிழந்தது உறுதியாகும். தல்மூத் மூக்கருகே தேடிய அதே அடையாளத்தையே மருத்துவரும் தேடுகிறார் எனலாம்.

இறப்பை உறுதிசெய்யும் மருத்துவர் இருவரும் அதற்கெனத் தகுதிச்சான்று பெற்றவர்களாகவும், உறுப்பு மாற்றுடன் தொடர்பற்றவர்களாகவும் இருத்தல் வேண்டும். கருவிவழிச் சோதனையும் கட்டாயம். பிரித்தானியாவில் படுக்கையருகே செய்யும் பரிசோதனைகளே பொதுவாகப் போதுமானவை; ஆயினும் மருத்துவரின் கணிப்பை மட்டும் நம்ப ரபிகள் தயங்கினர். மருத்துவர்களுக்குத் தகுதிச்சான்று அளிக்கும் குழுவில் ரபிகளும் இடம்பெறுகின்றனர். சமய நம்பிக்கையின் பொருட்டுக் குடும்பத்தினர் மறுத்தால், இதயம் நிற்கும் வரை சுவாசக் கருவி அகற்றப்படாது.

அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலம் 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேலும் ஒரு படி சென்றது. மூளைச்சாவு அறிவிப்பு நோயாளியின் சமய நம்பிக்கைக்கு முரணானால், அங்கு இதயமும் மூச்சும் நின்ற பின்னரே இறப்பை அறிவிக்க முடியும். அண்டை மாநிலமான பென்சில்வேனியாவில் இத்தகைய விலக்கு இல்லை.