உறுதியில்லாத வீடும் ஒரு விருதும்

திரைப்பட விருது என்றதும் எங்களுக்கு ஒஸ்கார்தான் நினைவுக்கு வரும். சிவப்புக் கம்பளம், மின்னும் நகைகள், அழுதபடி நன்றியுரை. அதே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஹொலிவூட்டின் வாசற்படியிலேயே, இன்னொரு விருதும் வருடந்தோறும் வழங்கப்படுகிறது. அந்நகரத்துத் திரைப்பட விமர்சகர்கள் 1975இல் அமைத்த சங்கம் வழங்கும் விருது அது. டிசெம்பரில் கூடி வாக்களிப்பார்கள். இரண்டாமிடம் பெற்றவரின் பெயரையும் மறைக்காமல் அறிவிப்பார்கள்.

படம் எடுப்பவர்களோ விற்பவர்களோ இங்கு வாக்களிப்பதில்லை. பார்ப்பதும் எழுதுவதுமே தொழிலாகக் கொண்டவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். 1985இல் டெரி கில்லியமின் ‘பிரேசில்’ படத்தை அமெரிக்காவில் அப்படியே வெளியிட நிறுவனம் மறுத்தது. வெட்டிக் குறைக்கச் சொன்னது. அங்கே திரைக்கு வராத அந்தப் படத்துக்கு இவர்கள் சிறந்த படம் என்ற விருதைக் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் படம் வெளிவந்தது.

2022இலிருந்து நடிகர், நடிகை என்ற பிரிவை இவர்கள் எடுத்துவிட்டார்கள். முதன்மைப் பாத்திரத்துக்கு இரண்டு விருதுகள், அதை யாரும் பெறலாம். ‘இனிப் பெண்களுக்கு ஒன்றும் மிஞ்சாது’ என்றே நானும் நினைத்தேன். 2023இலும் 2024இலும் அந்த இரண்டையுமே பெண்கள்தான் பெற்றார்கள். என் கணிப்புப் பிழைத்ததில் எனக்குச் சந்தோசம்.

நான் சொல்ல வந்தது 2024ஆம் ஆண்டின் இன்னொரு விருதைப் பற்றி. பிறமொழிப் படத்துக்கான விருது பாயல் கபாடியா என்ற இந்தியப் பெண் நெறியாளரின் ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைற்’ படத்துக்குக் கிடைத்தது. நியூயோர்க் விமர்சகர்களும் அதையே தெரிவுசெய்தார்கள். அதே ஆண்டு மே மாதம் கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதையும் அது வென்றிருந்தது. ஆனால் பிறநாட்டுப் படத்துக்கான ஒஸ்கார் போட்டிக்கு அப்போது ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்ப முடிந்தது. இந்தியத் தெரிவுக் குழு வேறொரு படத்தை அனுப்பியது. அந்தக் கதவு அத்தோடு அடைபட்டது. விமர்சகர்களுக்கோ எந்த நாட்டினதும் சிபாரிசு தேவைப்படவில்லை.

கதை மும்பாய் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்யும் மூன்று பெண்களைப் பற்றியது. மூத்த தாதி பிரபாவின் கணவன் கல்யாணம் முடிந்த கையோடு ஜேர்மனிக்குப் போனவன். இப்போது தொலைபேசி எடுப்பதுமில்லை. ஒருநாள் அங்கிருந்து சோறு சமைக்கும் மின்சாரக் குக்கர் ஒன்று பொதியில் வருகிறது. கடிதம் இல்லை. இரவில் அவள் அந்தக் குக்கரைக் கட்டியணைத்தபடி இருக்கிறாள். இளைய தாதி அனுவுக்கு வேறு மதத்துப் பையனோடு காதல்.

சமையற்கூடத்தில் வேலை செய்யும் பார்வதி ஒரு விதவை. பல வருடம் குடியிருந்த வீட்டை, தொடர்மாடி கட்டவென்று வந்தவர்கள் பறிக்கப் பார்க்கிறார்கள். அது தன் வீடு என்று காட்ட அவளிடம் ஒரு தாளும் இல்லை. கணவன் எதையும் சொல்லிவிட்டுச் சாகவில்லை. பிரபாவும் அவளும் இரவில் போய் அந்த நிறுவனத்தின் விளம்பரப் பலகைக்குக் கல்லெறிந்துவிட்டுச் சிரிக்கிறார்கள். பிறகு பார்வதி ஊருக்கே திரும்பிவிடுகிறாள்.

இந்தக் கதையை எங்கள் சேமிப்புக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். விருதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. “தங்கச்சி, அவவிட்டை உறுதி இல்லையோ?” என்று ஒரு அக்கா கேட்டா. “சோலைவரி கட்டின துண்டாவது வைச்சிருக்கலாமே?” என்றா இன்னொருவர். குக்கர் கதைக்குச் சிரித்தவர்களும் இதற்குப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இடப்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதலில் கேட்ட அக்காவும் அதில் ஒருவர் என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டம் முடிந்த பிறகு பொலித்தீன் பையொன்றை என்னிடம் நீட்டினா. கணவரின் மரணச் சான்றிதழ், பழைய குடும்ப அட்டை, மங்கிப்போன பற்றுச்சீட்டு இரண்டு. காணி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதாம்.

“அந்த மனுசி மாதிரி நான் கல்லெறிஞ்சு போட்டுப் போகேலாது, தங்கச்சி. எனக்குப் போறதுக்கு வேற ஊர் இல்லை.”

திங்கட்கிழமை இருவருமாகப் பிரதேச செயலகத்துக்குப் போகிறோம்.