வெல்டு தாங்கினால் தலை தப்பும்

ஃபார்முலா வகைப் பந்தயக் கார்களில் சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் தலையும் அப்படித்தான், கூரை கிடையாது. கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பாற்றுபவை இரண்டு வளையங்கள். ஸ்டியரிங்கை ஒட்டிக் குட்டையாக ஒன்று, முதுகுக்குப் பின்னால் உயரமாக ஒன்று. மாணவர்கள் கட்டும் கார் என்றால், இரண்டின் உச்சிக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் ஹெல்மெட் அதற்குக் கீழே 50 மி.மீ.யாவது இறங்கியிருக்க வேண்டும்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சோறு போடுவது விசைப்படகு வேலையும் லாரி வேலையும்தான். அவ்வப்போது இன்ஜினியரிங் மாணவர்கள் குழாயோடு வருவார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்குச் சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள்.

"அண்ணாச்சி, டைட்டானியத்துல வளையம் போட்டா எடை குறையும்லா?"

குறையும். ஆனால் இந்தப் போட்டிகளில் பின் வளையத்துக்கு எஃகு மட்டுமே. அலுமினியம், டைட்டானியம், கார்பன் ஃபைபர் எதுவும் ஆகாது. வெட்டு, ஒட்டு இல்லாத ஒரே குழாய். விட்டம் 25 மி.மீ. என்றால் தடிப்பு குறைந்தது 2.5 மி.மீ.

"அப்போ குரோமோலி வாங்கித் தடிப்பக் குறைப்போமா?"

குரோமோலி உசத்தியான கலப்பு எஃகுதான், ஆனால் அதற்கும் வழியில்லை. எந்த எஃகானாலும் தடிப்பு ஒன்றே. குழாய் எவ்வளவு உசத்தியானாலும், சூடு பட்ட இடத்தில் அந்தப் பலம் அப்படியே நிற்காது. விதி எழுதியவர்கள் அதைத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். குரோமோலி சட்டென்று ஆறினால் இறுகி விரிசல் விடும். டைட்டானியம் சூட்டில் காற்றை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். டைட்டானியத்தில் சரியான வெல்டு வெள்ளி போல் மினுங்கும். நீலம் பாய்ந்திருந்தால் ஆர்கான் வாயு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். ஆடி மாதக் கச்சான் காற்று அடித்து வாயுவைக் கலைக்கும்போது சாதா எஃகுக்கே நான் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் டிக் வெல்டிங் பிடிக்கிறேன்.

வளைப்பதிலும் சூட்சுமம் உண்டு. வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டு மெலியும். உட்பக்கம் மடிப்பு விழப் பார்க்கும். அதனால் வளைவின் ஆரம் குழாய் விட்டத்தில் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். போட்டியின் சோதனையாளர்கள் வளையத்தில் சிறு துளை ஒன்றும் போடச் சொல்வார்கள். அதன் வழியே தடிப்பை அளந்துவிடுவார்கள். பில்லைக் காட்டித் தப்பிக்க முடியாது.

நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய காலத்தில் ஹேலோ என்பதே கிடையாது. 2018-ல் அது கட்டாயமானது. முகத்துக்கு முன்னால் வரும் டைட்டானிய வளைவு. எடை சுமார் 7 கிலோ. மேலிருந்து கிட்டத்தட்ட 12 டன் சுமையைத் தாங்கிக் காட்ட வேண்டும். 2022-ல் சில்வர்ஸ்டோனில் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகச் சறுக்கியபோது பின் வளையம் பிய்ந்துபோனது. ஹேலோ தாங்கியது, அவர் பெரிய காயமின்றிப் பிழைத்தார். பிறகு வளையத்துக்கான சோதனைகளையும் கடுமையாக்கினார்கள். 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் ஹேலோ இருந்தது.

ஃபார்முலா ஒன்னில் டைட்டானியம் செல்லுபடியாவதற்குக் காரணம், காற்றுப் படாமல் பற்றவைக்கும் வசதியும் சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கூடமும். இரண்டும் இல்லாத பட்டறையில் சாதா எஃகுதான் நம்பகமானது. அடி வாங்கினால் நெளியுமே தவிர, படக்கென்று உடையாது. பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: "எடையச் சீட்டுல கொற, பெடல்ல கொற. வளையத்துல மட்டும் கை வைக்காத தம்பி."