மேசை விசிறி டெல்லிக் காற்றைச் சுத்தம் செய்யுமா?

செய்யும், ஓர் அறைக்குள் மட்டும். குளிர்காலத்தில் டெல்லியின் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலெழாமல் தேங்குகிறது. வாகனப் புகையும் வயல்களில் எரியும் வைக்கோல் புகையும் அதிலேயே சிக்கிக்கொள்கின்றன. அந்தப் புகையிலுள்ள பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகும்.

விசிறியின் முன்னால் ஹெப்பா எனப்படும் நுண்துகள் வடிகட்டியை இறுகக் கட்டினால் போதும், சுத்திகரிப்பான் தயார். 2013-இல் பெய்ஜிங்கில் தாமஸ் டால்ஹெல்ம் என்பவர் பரப்பிய இந்த முறை பிறகு டெல்லிக்கும் வந்தது.

வடிகட்டி எப்படிப் பிடிக்கிறது? அது சல்லடை அல்ல. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து போக முடியாமல் இழைகளில் மோதி ஒட்டும். மிக நுண்ணியவை காற்று மூலக்கூறுகள் இடிப்பதால் தள்ளாடி இழைகளைத் தொட்டுவிடும். இடைப்பட்ட 0.3 மைக்ரான் துகள்களைப் பிடிப்பதுதான் கடினம். தரமான ஹெப்பா அவற்றிலும் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும்.

ஓரங்களில் இடைவெளி இருந்தால் காற்று வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போய்விடும்; டேப் ஒட்டி அடையுங்கள். ஜன்னலைச் சாத்துங்கள். கார்பன் மோனாக்சைடு போன்ற வாயுக்களை இது தடுக்காது. ஆகவே மூடிய அறைக்குள் கரியடுப்பு மட்டும் வேண்டாம்.