ஏலியன் ஜெயிச்சாலும் பிரடேட்டர் ஜெயிச்சாலும்... எழுத்தாளருக்கு என்ன கிடைக்கும்?

போனஸ் வருமா, கான்ட்ராக்ட்டில் என்ன போட்டிருக்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வள்ளூர் அனல்மின் நிலையப் பக்கமும் ஷிஃப்ட் முடிந்து டீ குடிப்பவர்கள் பேசும் பேச்சு இது. 1979-ல் வந்த 'ஏலியன்' படத்திலும் இதே பேச்சு உண்டு. தாது ஏற்றி வரும் விண்கலத்தில் பார்க்கர், பிரெட் என்ற இரு தொழிலாளர்கள், "எங்களுக்கு மட்டும் ஏன் பங்கு குறைவு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கடைசியில், ஜந்து பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும், ஊழியர்கள் போனாலும் பரவாயில்லை என்று கம்பெனி முடிவெடுத்திருப்பது தெரியவரும்.

இந்தப் படத்தை நாவலாக எழுதியவருக்கும் பிற்காலத்தில் கிட்டத்தட்ட அதே அனுபவம்தான். அதைப் பார்ப்பதற்கு முன்னால் சில அடிப்படை விஷயங்கள்.

இரண்டு அரக்கர்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

'ஏலியன்', 'பிரடேட்டர்' (1987) இரண்டுமே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் படங்கள். 1989-ல் டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் இரண்டையும் மோதவிட்டது. 1990-ல் வந்த 'பிரடேட்டர் 2' படத்தில், வேட்டைக்காரனின் கோப்பை அலமாரியில் ஏலியன் மண்டை ஓடு ஒன்று தெரிந்தது. ரசிகர்கள் விடுவார்களா? ஒருவழியாக 2004-ல் பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் இயக்கத்தில் 'ஏலியன் வெர்சஸ் பிரடேட்டர்' வந்தது. அண்டார்டிகா அருகே ஒரு தீவு. அங்கே பனிக்கு அடியில் பிரமிடு. அதற்குள் பிரடேட்டர்கள் ஏலியன்களை வளர்த்து வேட்டையாடுகின்றன. ஏலியன் வளர உடம்பு தரப்போவது மனிதர்கள். யார் ஜெயித்தாலும் தோற்பது நாம்தான் என்பதுதான் போஸ்டரின் சாரம்.

அதே 2004-ல் இந்தப் படம் நாவலாகவும் வந்தது. எழுதியவர் மார்க் செராசினி.

படம் வந்த பிறகு நாவல் எதற்கு?

பெரும்பாலும் நாவல்தான் முதலில் எழுதி முடிக்கப்படுகிறது. படம் எடிட்டிங்கில் இருக்கும்போதே திரைக்கதை பிரதியை வைத்து எழுதி, ரிலீஸ் நேரத்தில் கடைக்குக் கொண்டுவருவார்கள். 'கிங் காங்' நாவல் 1932-லேயே வந்துவிட்டது, படம் 1933-ல்தான் வந்தது.

இதில் வாசகருக்கு ஒரு லாபம் உண்டு. படத்தில் வெட்டப்பட்ட காட்சிகள் நாவலில் தங்கிவிடும். 'ஏலியன்' கேப்டன் டாலஸ், சிலந்தி வலையில் சிக்கிய பூச்சி மாதிரி ஒட்டிக்கிடக்கும் காட்சி 1979 படத்தில் இல்லை. ஆனால் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய நாவலில் இருந்தது. 2003-ல் வந்த இயக்குநர் பதிப்பில்தான் அந்தக் காட்சி படத்துக்குள் சேர்ந்தது.

சரி, காசு?

இங்கேதான் கதை திகிலாகிறது. இத்தகைய நாவல்களில் பாத்திரமும் கதையும் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். எழுத்தாளருக்கு ஒரு தொகையும், ஒப்பந்தத்தில் இருந்தால் ராயல்டியும் கிடைக்கும். 2012-ல் லூகாஸ்ஃபிலிமையும் 2019-ல் ஃபாக்ஸையும் டிஸ்னி வாங்கியது. தன்னுடைய 'ஸ்டார் வார்ஸ்', 'ஏலியன்' நாவல்களுக்கான ராயல்டி வரவில்லை என்று ஃபாஸ்டர் 2020 நவம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். உரிமைகளை வாங்கினோம், பாக்கியை வாங்கவில்லை என்பதுதான் டிஸ்னி தரப்பின் வாதம் என்றது அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம்.

ஆலை கைமாறினால் பழைய பாக்கியை யார் தருவது? தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. சங்கம் கூடவே நின்றது, மற்ற எழுத்தாளர்களும் பேச ஆரம்பித்தார்கள். 2021-ல் ஃபாஸ்டரின் பிரச்னை தீர்ந்தது.

தமிழில் இப்படி உண்டா?

அரக்கர் மோதல் இல்லை. ஆனால் படமும் நாவலும் கைகோத்து வந்த கதை உண்டு. கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' (1986) படம் தயாராகும்போதே, அந்தக் கதையை சுஜாதா 'குமுதம்' இதழில் தொடராக எழுதினார். ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று அந்தக் காலத்துக்குப் புதுசான சரக்கு. பிறகு அது புத்தகமாகவும் வந்தது.

நீங்கள் எழுதுபவரா?

செயலிகளில் தொடர்கதை எழுதி, "வெப் சீரிஸ் பண்ணலாமா?" என்ற அழைப்புக்குக் காத்திருப்பவர்கள் இன்று நிறைய. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை அவர்கள் ஒருமுறை படிப்பது நல்லது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கணக்கு. எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். ராயல்டியோ வேறு தொகையோ எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கூடவே ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: நிறுவனம் யார் கைக்கு மாறினாலும், வாங்குபவர் இந்தத் தொகையைத் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். ஃபாஸ்டர் 74 வயதில் போராட வேண்டிவந்தது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.