பவர் பேங்க்: அட்டையில் இருக்கும் எண்ணும் கைக்கு வரும் மின்சாரமும்

சாமராஜநகரில் வசிக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போகப் பெரும்பாலும் இரண்டு வழிகளையே நம்பியிருக்கின்றன. ஒன்று, பஸ் ஏறி ஆசனூர், திம்பம் தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பண்ணாரி வழியாகச் சத்தியமங்கலம் போவது. மற்றொன்று, மைசூரு சென்று அங்கிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸையோ சென்னைக்குப் போகும் காவேரி எக்ஸ்பிரஸையோ பிடிப்பது. இரண்டுமே கைபேசிக்குச் சோதனையான பாதைகள். காட்டுக்குள் டவர் கிடைக்காத இடங்களில் கைபேசி விடாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் சும்மா பையில் கிடந்தாலும் சார்ஜ் வேகமாக இறங்கும். ரயிலிலோ வேறு சிக்கல். 2021 மார்ச்சில் மேற்கு ரயில்வே, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் உள்ள சார்ஜ் செய்யும் பிளக்குகளுக்கு மின்சாரத்தை நிறுத்தத் தொடங்கியது. ரயில்வே வாரியத்தின் அறிவுரை அதற்கு முன்பே இருந்தது. தூங்கும் நேரத்தில் யாரும் கவனிக்காமல் சூடேறித் தீப்பிடிக்கக் கூடாது என்பதே காரணம். சரியான முடிவு என்றே நான் சொல்வேன்.

எங்கள் தெருவில் எழுபது வயது அம்மா ஒருவர், மகளைப் பார்க்க மதுரைக்குத் தனியாகப் போனார். டிக்கெட், மகளின் எண், எல்லாம் கைபேசிக்குள். இரவு பக்திப் பாடல் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். காலையில் கைபேசி உயிரற்றுக் கிடந்தது. மதுரை நிலையத்தின் மேற்கு வாசலில் அம்மா, கிழக்கு வாசலில் மகள். ஒன்றரை மணி நேரம் இருவரும் பதறிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எண் மனப்பாடம் இல்லை. இப்போது யாருக்குத்தான் இருக்கிறது? திரும்பி வந்ததும், "அண்ணா, இருக்கிறதிலேயே பெரிய பவர் பேங்க்காக ஒன்று சொல்லுங்கள்" என்று என்னிடம் கேட்டார். பெரியது என்பதை எப்படி அளப்பது என்பதில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம்.

ரயில்வேயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிப் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். பெரம்பூர் ஐ.சி.எஃப். வகைப் பெட்டிகளில், ஏ.சி. இல்லாத பெட்டியின் அடியில் 110 வோல்ட், 120 ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரி தொங்கும். வண்டி ஓடும்போது சக்கர அச்சிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் ஆல்டர்னேட்டர் அதைச் சார்ஜ் செய்யும். வண்டி நின்றால் பேட்டரி விளக்கெரிக்கும். அதுவும் ஒரு பவர் பேங்க்தான். கடையில் விற்கும் 10,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் என்பது 10 ஆம்பியர் மணி. அப்படியானால் ரயில் பெட்டியின் பேட்டரி இதைப்போல 12 மடங்குதானா? இல்லை. ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கினால்தான் உண்மையான சேமிப்பு தெரியும். அதற்கு வாட் மணி என்று பெயர். பெட்டியின் பேட்டரி 13,200 வாட் மணி. பவர் பேங்க்கின் உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட் என்பதால் அது வெறும் 37 வாட் மணி. முந்நூற்றைம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்!

இந்த 37 வாட் மணியும் முழுதாகக் கைக்கு வராது. செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றிலும், கம்பியிலும், பிறகு கைபேசிக்குள்ளும் ஒரு பங்கு சூடாக வீணாகும். வங்கியில் போட்டால் வட்டி தருவார்கள். இந்த வங்கியில் பிடித்தம்தான். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ள கைபேசிக்குச் சுமார் 19 வாட் மணி தேவை. ஆக, இரண்டு முறை நிரப்பும் என்று நாம் நினைக்கும் பவர் பேங்க் ஏறக்குறைய ஒன்றரை முறைதான் நிரப்பும். நல்ல தயாரிப்பாளர்கள் பின்புறம் பொடி எழுத்தில், 5 வோல்ட்டில் கிடைக்கும் அளவைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள். பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஓர் இரவுப் பயணத்துக்கு 10,000 தாராளம். அந்த அம்மாவுக்கும் அதையே சொன்னேன். பெரியது வாங்கினால் பை கனக்கும், அவ்வளவுதான்.

நடைபாதையில் மலிவாக விற்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நண்பர் ஒருவர் 20,000 என்று எழுதியிருந்ததை வாங்கி வந்தார். கைபேசி ஒரு முறைகூட நிரம்பவில்லை. முழுவதும் வடியவிட்டுத் திறந்து பார்த்தேன் (இதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்). ஒரே ஒரு செல், மீதி இடத்தில் கனத்துக்காக மணல் பொட்டலம். நம் நாட்டில் பவர் பேங்க்குக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். தர எண்ணும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அதன்மேல் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்தப் பதிவு எண்ணைக் கொடுத்தால் யாருடைய தயாரிப்பு என்று காட்டிவிடும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விமானத்தில் இதைக் கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வைக்கலாம். சரக்கில் போடும் பெட்டிக்குள் கூடாது. 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும். 20,000 என்பது 74 வாட் மணி, சிக்கலில்லை. 30,000 என்றால் 111 ஆகிவிடும். விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். பவர் பேங்க் ஒன்றின் உட்புறக் காப்புப் பழுதடைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். அந்தத் தீ விபத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் கொரிய விமானங்களில் இதைத் தலைக்கு மேலுள்ள அடுக்கில் வைக்கத் தடை வந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது இதைப் பயன்படுத்துவதையே நிறுத்தியது.

லித்தியம் செல்லுக்கு வெப்பமே எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்; ரயில் பெர்த்தில் கம்பளிக்குள் சுருட்டி வைப்பதும் அப்படித்தான். 10 வாட் சார்ஜரில் 10,000 நிரம்ப ஐந்து மணி நேரம்போல் ஆகும் என்பதால், புறப்படும் நாள் காலையில் அவசரமாகச் செருகாமல் முந்தைய நாளே போட்டு எடுத்துவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி அளவு சார்ஜில் வைப்பது செல்லுக்கு நல்லது. முற்றிலும் வடியவிட்டு அலமாரியில் போட்டால் பிறகு எழுந்திருக்காது. சிறிய இயர்போனைச் செருகினால் சில பவர் பேங்க்குகள் தானே அணைந்துவிடும். அது பழுதல்ல; அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் செருகவில்லை என்று அது எடுத்துக்கொள்கிறது.

வயிறு உப்பியதுபோல் உறை வீங்கியிருந்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். அழுத்திப் பார்க்கவோ குத்தவோ கூடாது. சார்ஜிலும் போடக் கூடாது. வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். எளிதில் எரியும் பொருள்களுக்கு அருகில் இல்லாமல் தனியே வைத்திருந்து, மின்கழிவு வாங்குபவரிடம் வீங்கியது என்று சொல்லியே கொடுங்கள்.